ஒலிக்கருவி ரிப்பேரும் ரஸீது இல்லாத வியாபாரமும்

ரேடியோ, ஆம்ப்ளிபையர், இசைத்தட்டுக் கருவி, ஒலிபெருக்கி முதலியவற்றைப் பழுது பார்க்கவும் மாற்றியமைக்கவும் கொடுத்தவர்களுக்கும், அவற்றை வாங்கி வைத்துக்கொண்ட கடைக்காரர்களுக்கும் இடையே உண்டாகும் தகராறுகள் சில்லறை விஷயங்கள் என்று நமது நேயர்களில் பலர் எண்ணக்கூடும். தேச விவகாரங்கள் மலைபோல் குவிந்து கிடக்கையில், ஓர் ஆம்ப்ளிபையரின் வயிற்றுவலிக்கு இந்தப் பக்கத்தில் இடம் தருவானேன் என்று கேட்பவரும் இருப்பர். ஆனால் ஆடி மாதத்து அம்மன் கோவில் உற்சவத்துக்கு மைக் செட் வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தைக் கொண்டே வருஷத்தை ஓட்டும் கிராமத்து மனிதரை நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். அவருடைய ஆம்ப்ளிபையர் ஆனியில் கடைக்குப் போய்ப் புரட்டாசியில் திரும்பி வருமானால், அவருக்கு ஏற்படுவது சில்லறை நஷ்டமன்று.

இவ்விஷயத்தில் நமக்கும் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. நம் தகப்பனார் வாங்கி வைத்திருந்த வால்வு ஆம்ப்ளிபையர் ஒன்று சில வருஷங்களுக்கு முன் உறும ஆரம்பித்தது. நகரத்தில் உள்ள ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். கடைக்காரர் விஷயம் தெரிந்தவர். பழைய மிருதங்க இசைத்தட்டுகளைப் பற்றி அரை மணி நேரம் ரஸமாகப் பேசினார். இரண்டு வாரத்தில் தருவதாகச் சொன்னார். நான்கு மாதம் சென்றது. திரும்பி வந்த கருவியில் உறுமல் இல்லை, மிருதங்கத்தின் தொப்பியும் இல்லை. மூடியைத் திறந்து பார்த்தால், ஒலிபெருக்கியோடு இணைக்கும் பெரிய மின்மாற்றி இருந்த இடத்தில் சிறியதொன்று உட்கார்ந்திருந்தது. பழையது எங்கே என்றதற்கு, கெட்டுப்போனதால் எறிந்துவிட்டதாகப் பதில் வந்தது. "ரஸீது வாங்கினீரா?" என்று கக்ஷிக்காரர்களைக் கேட்பதே ஜீவனோபாயமாகக் கொண்ட நாம், அன்று ரஸீது வாங்கவில்லை. சிநேகமாகப் பேசுகிறவரிடம் ரஸீது கேட்பது மரியாதைக் குறைவு என்று தோன்றிவிட்டது. இந்த வகுப்பைச் சேர்ந்த தகராறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கூச்சத்திலிருந்தே பிறக்கின்றன என்பது நம் அபிப்பிராயம்.

அந்த மின்மாற்றியைப் பற்றி ஒரு வார்த்தை. வால்வுகளிலிருந்து வரும் மின்சாரம் அழுத்தம் மிகுந்தது, ஓட்டம் குறைந்தது. ஒலிபெருக்கிக்கு வேண்டுவதோ இதற்கு நேர்மாறு. இரண்டையும் இணக்கி வைப்பது இந்த மின்மாற்றியே. இதன் இரும்புத் தகடுகள் போதிய கனமில்லாவிடில், தாழ்ந்த சுருதிகள் சிதைந்து போகும். நல்ல மின்மாற்றியே பழைய ஆம்ப்ளிபையரில் விலையுயர்ந்த உறுப்பு என்று அறிந்தோர் கூறுவர். உறுமலுக்கோ பெரும்பாலும் காரணம் வேறு: மின்சாரத்தைச் சமன்படுத்தும் மின்தேக்கிகளின் உள்ளிருக்கும் திரவம் காலப்போக்கில் உலர்ந்து போவதுதான். மின்தேக்கியில் இருந்த வியாதிக்கு மின்மாற்றியை அறுத்தெடுத்த சிகிச்சை ஏன் நடந்தது என்று நாம் சந்தேகித்தோம். சந்தேகம் சாட்சியமாகாது, ஆகவே கடையின் பெயரைச் சொல்லவில்லை.

இந்த வியாபாரத்தில் வஞ்சனை புதிதன்று. 1941-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகை ஒரு பரீக்ஷை நடத்திற்று. அதன் ஆட்கள் ஊர் ஊராகச் சென்று, நன்றாக இயங்கும் ரேடியோ ஒன்றில் வால்வு ஒன்றைச் சற்றே தளர்த்தியோ, ஒரு கம்பியைக் கழற்றியோ வைத்து, ஒன்றும் அறியாதவர்கள் போல ரிப்பேர்க் கடையில் கொடுத்தார்கள். விரலால் அழுத்தினால் தீர்ந்துவிடும் பழுது அது. 304 கடைகளில் 195 கடைகள், செய்யாத வேலைக்கும் வேண்டாத உறுப்புக்கும் பணம் கேட்டன. பிற்காலத்தில் கலிபோர்னியா ராஜ்யம், ரேடியோ, டெலிவிஷன் முதலியவற்றைப் பழுது பார்க்கும் வியாபாரிகள் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று 1963-இல் விதித்தது. நம் நாட்டில் அத்தகைய பதிவு எதுவுமில்லை.

ஆனால் அந்த 304-இல் மீதி 109 கடைகள் யோக்கியமாக நடந்துகொண்டன என்பதையும் மறக்கலாகாது. சென்னை ரிச்சி தெருவிலும், மதுரை, கோவை, திருச்சி நகரங்களின் சந்துகளிலும் ஈயப் பற்று வைத்துக் கண் மங்கிய மெக்கானிக்குகளின் கட்சியையும் கேட்பதுதான் தர்மம். நாற்பது வருஷத்துக் கருவி ஒன்றை ஒருவர் கொண்டு வருகிறார். அதன் மின்தேக்கிகள் யாவும் ஒரே நாளில் பிறந்தவை. ஒரே வேகத்தில் மூப்படைந்தவை. ஒன்றை மாற்றி மின்னழுத்தம் பழைய நிலைக்கு உயர்ந்ததும், அதுவரை தளர்ந்த அழுத்தத்தில் பிழைத்திருந்த மற்றொன்று மறு வாரமே உயிர் விடுகிறது. "கொடுத்தபோது அது நன்றாகத்தானே இருந்தது, நீர் கெடுத்துவிட்டீர்" என்று வாடிக்கைக்காரர் வருகிறார். இதில் மெக்கானிக் செய்த குற்றம் யாது? அன்றியும், பழுதைக் கண்டுபிடிக்க நான்கு மணி நேரமும் அதை நீக்க ஐந்து நிமிஷமும் ஆகும் தொழில் இது. ஐந்து நிமிஷத்துக்கு இவ்வளவு கூலியா என்று கேட்கும் கனவான்களை நாமே பார்த்திருக்கிறோம். டாக்டரிடம் அவர்கள் அவ்வாறு கேட்பதில்லை.

பழுது பார்ப்பதினும் மாற்றியமைப்பதில் தகராறு அதிகம். பழுது நீங்கிற்றா இல்லையா என்பது கண்கூடு. "உள்ளுறுப்புகளை மாற்றி நாதத்தை மேம்படுத்தித் தருகிறோம்" என்பதற்கு அளவுகோல் ஏது? கடைக்காரர் தேன் சொட்டுகிறது என்கிறார். வாடிக்கைக்காரர் தகரம் தட்டுகிறது என்கிறார். இருவரும் உண்மையே பேசலாம். காது என்பது சாட்சிக் கூண்டில் நிலைத்து நிற்கும் சாட்சியன்று. ஆயினும், ஒலியில் ஏறும் திரிபு எவ்வளவு, எந்தச் சுருதி வரை குறையாமல் வருகிறது, எத்தனை வாட்டு சக்தி வெளிவருகிறது என்பனவெல்லாம் கருவிகளால் அளக்கத் தக்கவை. வேலைக்கு முன்னும் பின்னும் இவற்றை அளந்து தாளில் எழுதித் தரும் கடையோடு வழக்கு எழுவது அபூர்வம். உயர்ந்த சீமை மின்தேக்கி என்று பெயர் பொறித்த போலிச் சரக்கு சந்தையில் புழங்குவதும் உண்டு. தெரிந்தே போலியைப் போட்டு அசலுக்கு விலை வாங்குவது, காதின் அபிப்பிராய பேதமன்று, மோசடியாகும். மேலும், தயாரிப்பாளரின் உத்தரவாத காலம் முடியுமுன் கருவியைத் திறந்து மாற்றினால், அந்த உத்தரவாதம் போய்விடும் என்று பெரும்பாலான உத்தரவாதச் சீட்டுகளில் அச்சிட்டிருக்கிறது. கடைக்காரர் இதைச் சொல்வதில்லை, வாங்கியவர் படிப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்னமும் அமுலில் இருக்கிறது. ஒரு காரியத்துக்காகப் பிறர் பொருளை வாங்கி வைத்துக்கொண்டவர், சாமானிய விவேகமுள்ளவர் தம் சொந்தப் பொருளை எவ்வளவு ஜாக்கிரதையாகப் பேணுவாரோ, அவ்வளவு ஜாக்கிரதையாக அதைப் பேண வேண்டுமென்று அதன் 151-ஆம் பிரிவு கூறுகிறது. காரியம் முடிந்ததும் பொருளைத் திருப்பித் தரும் கடமையை 160-ஆம் பிரிவு விதிக்கிறது. கழற்றிய பழைய உறுப்பும் கொடுத்தவருடைய சொத்தே. அவர் சம்மதியின்றி அதை எறியவோ விற்கவோ கடைக்காரருக்கு எவ்வித பாத்தியதையும் இல்லை.

ரஸீது விஷயத்துக்கு வருவோம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், செய்த சேவைக்கு விதிப்படி பில்லோ ரஸீதோ கொடாமல் இருப்பதையே முறையற்ற வியாபாரப் பழக்கங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆகவே ரஸீது கேட்பது அவமரியாதை அன்று. கொடாமல் இருப்பதே குற்றம். அதில் எழுத வேண்டியவை அதிகமில்லை. கருவியின் பெயரும் வரிசை எண்ணும், சொல்லப்பட்ட பழுது, மதிப்பிட்ட கூலி, திருப்பித் தரும் தேதி, கழற்றும் உறுப்புகளைத் திருப்பித் தருவதாக ஒரு வரி ஆகியவை இருந்தால் போதும். கொடுக்குமுன் மூடியைத் திறந்து கைப்பேசியில் நாலு படம் பிடித்துக்கொள்வது, நூறு வருஷத்துக்கு முன் எந்த வக்கீலுக்கும் கிடைத்திராத சாட்சியம்.

தாமதத்துக்கு நஷ்டஈடு உண்டா என்று மைக் செட்டுக்காரர் கேட்பார். 1854-இல் இங்கிலாந்தில் ஹாட்லி என்பவருக்கும் பாக்ஸெண்டேல் என்பவருக்கும் நடந்த பிரசித்தமான வழக்கொன்று உண்டு. குளஸ்டர் நகரத்து மாவு மில்லின் இயந்திர அச்சு முறிந்துபோயிற்று. புதிய அச்சு செய்வதற்கு மாதிரியாக, முறிந்ததைக் கிரீனிச்சுக்கு அனுப்பினார்கள். வண்டிக்காரர் தாமதம் செய்தார். மில் அத்தனை நாளும் நின்று கிடந்தது. இலாப நஷ்டத்தை வண்டிக்காரர் தலையில் கட்டக் கோர்ட்டு மறுத்தது. இந்த அச்சு இல்லாமல் மில் நிற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததாக இல்லை என்பதே காரணம். நமது ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவும் இதே கொள்கையை உடையது. தாமதமானால் மில் நிற்கும் என்று முன்னரே தெரிவித்திருந்தால், நின்ற நாட்களுக்குரிய சராசரி இலாபத்தைப் பெறலாம் என்று அதன் கீழேயே உதாரணம் தரப்பட்டிருக்கிறது. ஆகையால் மைக் செட்டுக்காரர் கருவியைக் கொடுக்கும்போதே, இன்ன தேதியில் இன்ன கோவிலுக்கு வாடகை பேசியிருக்கிறேன் என்று எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். வாட்ஸ்அப் செய்தியாயினும் போதும்.

வீட்டில் பாட்டுக் கேட்பவருக்கு ஜில்லா நுகர்வோர் கமிஷன் திறந்திருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த வேலைக்குப் பிராதுக் கட்டணம் கிடையாது. தாம் வசிக்கும் ஊரிலேயே பிராது கொடுக்கலாம். இது 2019-ஆம் வருஷத்துச் சட்டம் செய்த பெரிய உபகாரம். தகராறு எழுந்த 2 வருஷத்துக்குள் கொடுத்தாக வேண்டும். இவ்வளவும் நன்று.

மைக் செட்டுக்காரரின் நிலைமை அவ்வாறில்லை. வியாபார நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் அல்லர் என்பது சட்டம். முன்னிருந்த 1986-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 2002-இல் செய்யப்பட்ட திருத்தம், சுயதொழில் செய்து ஜீவனம் நடத்துவதற்காக மட்டும் ஒருவர் வாங்கிய பொருளையும் பெற்ற சேவையையும் வியாபார நோக்கமாகக் கருதலாகாது என்று விளக்கிற்று. 2019-ஆம் வருஷத்துச் சட்டத்தின் விளக்கத்திலோ வாங்கிய பொருள் மட்டுமே இருக்கிறது. சேவை என்னும் சொல் விடுபட்டுப் போயிற்று. வேண்டுமென்றே விட்டார்களா, எழுதியவரின் பேனா வழுக்கிற்றா என்பது விளங்கவில்லை. விளைவு மட்டும் தெளிவு. மைக் செட்டுக்காரர் புது ஆம்ப்ளிபையர் வாங்கி அது பழுதாயிருந்தால் கமிஷனுக்குப் போகலாம். பழையதை ரிப்பேருக்குக் கொடுத்து ஏமாந்தால், "நீர் நுகர்வோரே அல்லர்" என்று எதிர்க்கட்சி வக்கீல் முதல் நாளே எழுந்து நிற்பார். அதற்கு மறுமொழி சொல்ல இடமுண்டாயினும், சில ஆயிரம் ரூபாய் பெறும் விவகாரத்தில் அந்தச் சட்டப் பிரச்னையை மேல் கமிஷன் வரை இழுக்க எந்த மைக் செட்டுக்காரரிடம் பணமிருக்கிறது? மீதியுள்ள வழி சிவில் கோர்ட்டு. அதன் கட்டணமும் அதன் காலமும் யாவரும் அறிந்தவை. விடுபட்ட அந்த ஒரு சொல்லைப் பார்லிமெண்டு மீண்டும் சேர்க்க வேண்டும். இதைச் செய்ய எந்தக் கட்சிக்கும் கொள்கை விரோதம் இருக்க நியாயமில்லை.

மெக்கானிக்கின் பக்கத்திலும் சட்டத்தில் ஓர் ஓட்டை உண்டு. உழைத்துப் பழுது நீக்கியவர், கூலி வரும் வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு பாத்தியதை தருகிறது. ஆனால் விற்றுக் கூலியை எடுத்துக்கொள்ள அப்பிரிவு அதிகாரம் தரவில்லை. ஆகவே கொடுத்துவிட்டு மறந்துபோனவர்களின் ரேடியோக்களும் டெக்குகளும் அவருடைய சிறிய கடையில் வருஷக்கணக்காகத் தூசி படிந்து கிடக்கின்றன. "30 நாளில் பெற்றுக்கொள்ளாவிடில் நாங்கள் பொறுப்பல்ல" என்று ரஸீதின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டுக்கொள்வதே அவர் கண்ட பரிகாரம். அது கோர்ட்டில் எவ்வளவு தூரம் நிற்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. இங்கிலாந்தில் 1977-ஆம் வருஷத்துச் சட்டமொன்று, உடையவருக்கு முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, அவர் வராவிடில் பொருளை விற்கவும், தமக்குச் சேர வேண்டியது போக மீதியை உடையவருக்குக் கணக்குக் காட்டவும் இடம் தந்தது. அத்தகைய ஏற்பாடு இங்கும் வருமாயின், பொடி எழுத்துக்கு அவசியமிராது.

நம் தகப்பனாரின் ஆம்ப்ளிபையர் இப்போது வேறொரு முதியவரிடம் இருக்கிறது. மின்மாற்றியைப் புதிதாகச் சுற்ற வேண்டுமென்றும், அதற்கேற்ற தகடு அகப்படுவது கஷ்டமென்றும் சொன்னார். நாம் கேட்பதற்கு முன்பே, வரிசை எண், கூலி, தேதி எல்லாம் குறித்துப் பள்ளிக்கூட நோட்டுத் தாள் ஒன்றில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். ஐப்பசியில் வரச் சொல்லியிருக்கிறார்.