உஷார்! ஆபரேஷனுக்கு முந்தைய அந்த மூன்று வாரம்

பயாப்சி ரிசல்ட் வந்தது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் என் பெரியம்மா மகளான அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மூன்று பொட்டலங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. ஒன்று கஷாயப் பொடி. இன்னொன்று காய்ந்த முள்சீத்தா இலை. மூன்றாவது, பெயர் ஒட்டாத பிளாஸ்டிக் டப்பாவில் கறுப்பு லேகியம். கொண்டுவந்த தூரத்துச் சொந்தக்காரர், "இதைச் சாப்பிட்டு எத்தனையோ பேர் பிழைச்சிருக்காங்க. டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கடைசி வார்த்தையிலேயே நாங்கள் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை. அக்கா காலையும் ராத்திரியும் அந்த லேகியத்தை ஒரு ஸ்பூன் விழுங்கினாள். ஆபரேஷனுக்கு நான்கு நாள் இருக்கும்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈரல் என்சைம்கள் எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தன. மயக்க மருந்து டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "வேற ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஈரல் தேற ஒரு மாதம் ஆனது. ஆபரேஷனும் ஒரு மாதம் தள்ளிப்போனது.

அதனால்தான் சொல்கிறேன்: மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த நாளுக்கும் ஆபரேஷன் நாளுக்கும் நடுவில் வீட்டுக்குள் என்ன நுழைகிறது, யார் நுழைகிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள்.

காத்திருப்பதை நினைத்து மட்டும் பயப்படாதீர்கள். கைக்குத் தட்டுப்படும் கட்டி நேற்று முளைத்ததில்லை; அந்த அளவுக்கு வளரவே பெரும்பாலும் வருடக்கணக்கில் ஆகியிருக்கும். ஸ்கேனுக்கும், கட்டி எந்த வகை என்று காட்டும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்ற பரிசோதனைகளுக்கும் போகும் இரண்டு மூன்று வாரம் வீண் தாமதமில்லை. முதலில் ஆபரேஷனா, கீமோவா என்பதே அந்த முடிவுகளை வைத்துத்தான் தீர்மானமாகும். கீமோ முதலில் என்று சொன்னால் "கை விட்டுட்டாங்க" என்று அழுவதைப் பார்க்கிறேன். அப்படியில்லை. கட்டியைச் சுருக்கி, மார்பை முழுசாக எடுக்காமல் காப்பாற்றக்கூட அது பல பேருக்கு உதவுகிறது.

வாரம் மாதமாக நீண்டால்தான் ஆபத்து. 2020-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வில், மார்பக ஆபரேஷன் ஒவ்வொரு நான்கு வாரம் தள்ளும்போதும் இறப்பு அபாயம் சுமார் 8 சதவீதம் கூடுவது தெரிந்தது. ஆடி முடியட்டும், பொண்ணு கல்யாணம் முடியட்டும், மகனுக்குப் பரீட்சை முடியட்டும்... ஒவ்வொரு 'முடியட்டும்'-க்கும் நான்கு வாரம் போய்விடும். இதை அதிகம் சொல்வது நோயாளிப் பெண்ணேதான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கத்தி பட்டா பரவிடும்" என்பார்கள். நம்பாதீர்கள். ஏற்கெனவே பரவிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் இறந்துபோன கதைகளில் பழி கத்தி மேல் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். முறையான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு இறப்பு அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல் என்று 2018-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குக் காட்டினார்கள்.

இன்னொரு கண்ணி ராத்திரியில் இருக்கிறது. அக்கா ஒருநாள் இரண்டு மணிக்குப் போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் ரிப்போர்ட்டைப் படித்திருக்கிறாள். 'கிரேடு 3' என்று இருந்தது. மூன்றாம் ஸ்டேஜ் என்று நினைத்து, பக்கத்தில் படுத்திருந்த அத்தானை எழுப்பாமல் விடிய விடிய அழுதிருக்கிறாள். கிரேடு என்பது மைக்ராஸ்கோப்பில் செல்கள் எவ்வளவு மாறிப்போய்த் தெரிகின்றன என்பது. ஸ்டேஜ் என்பது கட்டியின் அளவு, அக்குள் நெறிகட்டி, வேறு இடத்துக்குப் பரவியதா என்பதை வைத்துச் சொல்வது. இரண்டும் வேறு வேறு. அக்காவுக்கு இரண்டாம் ஸ்டேஜ்தான். சந்தேகங்களை ஒரு நோட்டில் எழுதிவைத்து டாக்டரிடம் கேளுங்கள். தூக்கமே வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் 14416-க்கு அடியுங்கள்; மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்க நினைத்தால் தாராளமாகக் கேளுங்கள், ஆனால் அந்த வாரத்திலேயே. போகும்போது காகித ரிப்போர்ட் மட்டும் போதாது. பயாப்சி எடுத்த லேபில் கேட்டு ஸ்லைடும் பிளாக்கும் வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக் என்பது எடுத்த சதையைப் பதித்துவைத்திருக்கும் சின்ன மெழுகுக் கட்டி. அது இல்லாவிட்டால் மறுபடி ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டிவரலாம்.

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மறைக்கவும் கூடாது, தாங்களாக நிறுத்தவும் கூடாது. மீன் எண்ணெய் கேப்ஸ்யூல், மஞ்சள் கேப்ஸ்யூல், பொடி, லேகியம் எல்லாவற்றையும் டப்பாவோடு எடுத்துப்போய் டாக்டர் மேஜையில் வையுங்கள். சர்க்கரை இருந்தால் இப்போதே கட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஏறியிருந்தால் புண் சீக்கிரம் ஆறாது. 'கேன்சருக்குத் தீனி போடக்கூடாது' என்று பட்டினி கிடக்காதீர்கள். முட்டை, பருப்பு, மீன் என்று நன்றாகச் சாப்பிட்ட உடம்புதான் ஆபரேஷனைத் தாங்கும்.

தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அட்மிஷன் அன்று காலையில் போய்க் கேட்காமல், நோய் தெரிந்த வாரமே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டரில் விசாரியுங்கள்.

ஆபரேஷன் தேதிக்கு முன்னாலேயே மார்பு சிவந்து வீங்கினாலோ, புண் உடைந்து ரத்தம் கசிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, முதுகெலும்பில் புதிதாக வலி கிளம்பி விடாமல் வலித்தாலோ, நல்ல நாள் பார்க்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.