உங்களுக்குத் தெரியுமா? பூக்காமலே மயக்கும் பெரணி!

சிதறால் மலையில் தீர்த்தங்கரர் சிலைகளைச் செதுக்கியது 9-ஆம் நூற்றாண்டில் என்றதும் வாயைப் பிளக்கிறீர்களா? உங்கள் கிணற்றடி நிழலில் நிற்கும் பெரணியின் வம்சத்துக்கு வயது சுமார் 36 கோடி! டைனோசரெல்லாம் அதற்குப் பேரன் முறை!

இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகளா? பூச்சி என்று மருந்தடிக்க ஓடாதீர்கள்! பூவும் விதையும் இல்லாத பெரணிக்கு அதுதான் வாரிசுக் கிடங்கு. ஒரே செடியில் தூள் போன்ற ஸ்போர்கள் லட்சக்கணக்கில்!

கதை அங்கே முடியவில்லை. அந்தத் தூள் விழுந்த இடத்தில் நேராகப் பெரணி முளைக்காது! விரல் நகத்தைவிடச் சின்னதாக, இதய வடிவில் ஒரு பச்சைத் தகடுதான் வரும். அதில் ஆணணு பெண்ணணுவைத் தேடி நீந்திப் போகும். ஆமாம், தகட்டின்மேல் படிந்த ஈரத்தில் நீச்சல்! தரை காய்ந்தால் கல்யாணம் நின்றது!

மற்ற செடிகள் சோர்ந்துபோகும் நிழலில் இது மட்டும் எப்படிச் செழிக்கிறது? மங்கிய வெளிச்சத்தை உணரும் மரபணுவைப் பாசி மாதிரியான ஒரு குட்டிச் செடியிடமிருந்து சுருட்டிக்கொண்டதாம்! திருட்டு நடந்தது சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன். மாட்டியது 2014-இல்!

ரப்பர்த் தோட்டத்து மண்திட்டில், அடிப்பக்கம் வெள்ளைப் பொடி பூசிய பெரணியைப் பார்த்திருப்பீர்கள். இலையைக் கையில் வைத்து ஓங்கி ஓர் அடி! இலையின் அச்சு அப்படியே தோலில்! அமெரிக்காவிலிருந்து வந்து நம் மேட்டில் குடியேறிய செடி அது என்றால் நம்புவீர்களா?

மான்கொம்புப் பெரணிக்குத் தொட்டி வேண்டாம். மண்ணும் வேண்டாம்! பலகையில் தேங்காய் நாரோடு சேர்த்துக் கட்டி, மாமர நிழலில் மாட்டுங்கள். அதுபாட்டுக்கு வளரும்!

வீட்டு வராந்தாக்களில் தொங்கும் பாஸ்டன் பெரணி? 1894-இல் பிலடெல்பியாவிலிருந்து பாஸ்டனுக்குப் போன சரக்கில், மற்றவற்றைப் போல் விறைத்து நிற்காமல் வளைந்து தொங்கிய ஒரே செடியின் சந்ததி!

மாட்டுக்குப் போடும் அசோலாவும் பெரணிதான்!

கொல்லிமலையில் முடவாட்டுக்கால் சூப் குடித்தீர்களா? நீங்கள் குடித்ததும் பெரணிதான்! கிழங்கு என்று விற்கிறார்கள். உண்மையில் அது பாறையிலும் மரத்திலும் ஊர்ந்து போகும், ரோமம் மூடிய தண்டு!

பழைய சுவர்ப் பொந்தில் முளைக்கும் ஒரு பெரணி, மண்ணிலுள்ள ஆர்சனிக் விஷத்தை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும். இது தெரிந்தது 2001-இல்!

இதைத்தான் கடைசிக்கென்று ஒளித்து வைத்திருந்தேன். மனித செல்லில் குரோமோசோம்கள் 46. ஒற்றை இலையோடு நாக்கு நீட்டி நிற்கும் ஒரு சுண்டைக்காய்ப் பெரணியில் 1,200-க்கும் மேல்!