போர்ப் படக்கதைகளும் ஜொகூர் வாசகரும்

மலேசியத் தமிழரின் இளமைக்கால வாசிப்பைப் பற்றிப் பேசுங்கால் அம்புலிமாமாவும் நாளிதழ்களின் மாணவர் பகுதிகளுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க வேறொரு வாசிப்பும் உண்டு. அதுவே பிரித்தானியப் போர்ப் படக்கதை வாசிப்பாகும். ஜொகூரில் ஆங்கிலப் பள்ளிகளில் பயின்ற தலைமுறையினருள் இவற்றை இன்றும் ஏக்கத்துடன் நினைவுகூர்வோர் உளர். இந்த ஏக்கத்தைச் சிறுபிள்ளைத்தனம் என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், போர் நடந்த மண்ணிலேயே அமர்ந்துகொண்டு, அப்போரை லண்டனிலும் ஸ்காட்லாந்திலும் அச்சான ஏடுகளின் வழியே நாம் அறிந்தோம் என்பது சிந்தனைக்குரியது.

இவ்வகை ஏடுகளுள் முன்னோடி 1958இல் லண்டனில் தொடங்கப்பெற்ற 'வார் பிக்சர் லைப்ரரி'. அதனைப் பின்பற்றி 1961இல் டண்டீ நகரின் டி.சி. தாம்சன் நிறுவனம் 'கமாண்டோ' இதழை வெளியிட்டது. முன்னது 1984இல் நின்றுவிட்டது. பின்னது 2017இல் ஐயாயிரமாவது இதழைக் கண்டு இன்றும் வெளிவருகிறது. சட்டைப்பையில் அடங்கும் அளவு, வண்ண அட்டை, உள்ளே கறுப்பு வெள்ளைச் சித்திரங்கள், ஓர் இதழுக்கு ஒரு முழுக்கதை என்பன இவற்றின் பொது இயல்புகள். தொடர்கதை அன்மையால் முந்தைய இதழ் கிடைக்கவில்லையே என்ற கவலை வாசகனுக்கு இல்லை. பழைய இதழ்கள் கைமாறிக் கைமாறி வாசிக்கப்படுதற்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

கதைகளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. கோழை எனப் பழிக்கப்பட்டவன் இறுதியில் தன் வீரத்தை நிறுவுவான். பகைமை பாராட்டிய இருவர் போர்முனையில் நண்பராவர். சிறுவர் இவற்றிலிருந்து கற்றது ஆங்கிலம் மட்டுமன்று. ஜெர்மானிய வீரன் கூவும் 'ஆக்டுங்' என்ற சொல்லும், சப்பானிய வீரனின் 'பன்சாய்' என்ற முழக்கமும் பள்ளித் திடல் விளையாட்டுகளில் புகுந்தன. சப்பானியரைக் குறித்த இழிசொற்களும் உடன் வந்து சேர்ந்தன என்பதை மறைப்பதற்கில்லை. பிரித்தானியரின் பெருமையைப் பாடிய இவ்வேடுகளுக்குச் சித்திரம் தீட்டியோருள் இத்தாலியரும் இருந்தனர் என்பது சுவையான செய்தி. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஹியூகோ பிராட் அவர்களுள் ஒருவர். அவருடைய தந்தையோ முசோலினியின் படையில் பணியாற்றியவர்.

தமிழ்ச் சிறுவர்க்கு இவ்வுலகம் வேறொரு வாயிலாகவும் திறந்தது. 1972இல் சிவகாசியில் தோன்றிய முத்து காமிக்ஸ், பிளீட்வே நிறுவனத்தின் கதையொன்றை 'இரும்புக்கை மாயாவி' என்னும் பெயரில் தமிழாக்கி வெளியிட்டது. 'வார் பிக்சர் லைப்ரரி'யை நடத்தியதும் அதே பிளீட்வேதான். மாயாவி போர்வீரன் அல்லன். எனினும் அச்சித்திரங்களின் கறுப்பு நிழல்களும் விரைவும் போர்க்கதைகளுக்கு உறவு பூண்டவையே.

இனி, ஜொகூர் மண்ணில் நிகழ்ந்தவற்றை நோக்குவோம். 1942 சனவரி 14ஆம் நாள் ஜொகூர் எல்லையை அடுத்த கெமாஸ் அருகே ஆஸ்திரேலியர் பதுங்கியிருந்து, மிதிவண்டிகளில் வந்த சப்பானியப் படையினரைத் தாக்கினர். அடுத்த சில நாள்களில் மூவார் ஆற்றங்கரை வீழ்ந்தது. அங்கே நிறுத்தப்பட்டிருந்தது 45ஆம் இந்தியக் காலாட்படைப் பிரிவு. ராஜபுத்தானா, ஜாட், கார்வால் படைகளைச் சேர்ந்த, போதிய பயிற்சி பெறாத இளைஞர் அதில் மிகுந்திருந்தனர். பக்ரியில் சப்பானியக் கவச வண்டிகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. ஆயினும் எஞ்சியோர் பாரிட் சூலோங் பாலத்தை எட்டியபோது அது பகைவர் கையில் இருந்தது. காயமுற்றோரை விட்டுவிட்டு மற்றவர் சதுப்பு நிலத்தின் வழியே பின்வாங்கினர். விடப்பட்டோருள் ஏறத்தாழ 110 ஆஸ்திரேலியரும் 40 இந்தியரும் கொல்லப்பட்டனர். சனவரி 31இல் ஜொகூர் பாலம் தகர்க்கப்பட்டது. பின்னர்ச் சப்பானியத் தளபதி யமாசிட்டா, சிங்கப்பூர்த் தாக்குதலைப் புக்கிட் செரீன் அரண்மனைக் கோபுரத்திலிருந்து நோக்கினார்.

படக்கதை எழுத்தாளன் ஒருவனுக்கு இதனினும் சிறந்த கரு வாய்ப்பது அரிது. ஆனால் நாம் வாசித்த ஏடுகளில் மலாயா என்பது பெரும்பாலும் பெயரற்ற அடர்காடாகவே இருந்தது. கூர்க்கரும் சீக்கியரும் எப்போதேனும் தோன்றினும் வெள்ளை அதிகாரிக்குத் துணைவராகவே தோன்றினர். தோட்டத் தமிழனோ அறவே இல்லை. இதற்கு அவ்வேடுகளைக் குறை கூறுதல் முறையன்று; அவை தம் நாட்டுச் சிறுவர்க்காகத் தம் தந்தையரின் கதையைச் சொன்னவை. நம் தந்தையரின் கதையைச் சொல்லவேண்டிய பொறுப்பு நம்முடையது.

அக்கதை வேறுவகைப்பட்டது. இரப்பர் ஏற்றுமதி நின்று, அரிசி அற்றுப்போய், மரவள்ளிக் கிழங்கே உணவான தோட்டங்களிலிருந்து ஆடவர் பலர் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு அனுப்பப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அங்குப் பணியாற்றிய 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளுள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் முறையாகப் பேணப்படுகின்றன. அவர்களினும் பன்மடங்கு மிகுதியாக மடிந்த ஆசியத் தொழிலாளர்க்கு அத்தகைய தனிக்கல்லறைகள் இல்லை. 1957இல் வெளிவந்த குவாய் நதிப் பாலத் திரைப்படமும் கைதிகளின் கதையாகவே அமைந்தது. தமிழில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய புதினங்கள் இவ்வெற்றிடத்தை எழுத்தில் நிரப்பின.

இங்கே தமிழாசிரியர்க்கு ஒரு வேலை காத்திருக்கிறது. பழைய போர்ப் படக்கதையின் ஒரு பக்கத்தை மாணவர்முன் வைத்து, அதே நிகழ்ச்சியைத் தோட்ட வரிசை வீட்டிலிருந்து பார்த்த ஒருவரின் நோக்கில் ஆறு கட்டங்களில் வரையச் செய்யலாம். உரையாடலைப் பேச்சுத் தமிழில் அமைக்கலாம். சித்திரத்தின் திறன் ஒரு பொருட்டன்று. வரைவதற்குமுன் வீட்டு முதியவரிடம் வினவுதல் இப்பயிற்சியின் முதற்படி. 1942இல் பத்து வயதினராக இருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்தவர்கள். ஆகவே இப்பயிற்சியை அடுத்த ஆண்டுப் பாடத்திட்டத்திற்கு ஒத்திவைத்தல் தகாது.