சாள்ஸ் லோட்டனும் கலிலியோவும்: நடிப்புழைப்பும் மறுதலிப்பும் பற்றிய சில குறிப்புகள்

நடிகரின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரு நெறிகளுள் ஒன்றையே கைக்கொள்வர். நடிப்பாற்றலைப் பிறவிப் பேறாகக் கருதி வியந்து போற்றுவது ஒன்று. தனிவாழ்வின் துணுக்குகளைத் திரட்டி வாசகரின் ஆவலுக்குத் தீனியிடுவது மற்றது. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும் இவ்விரு நெறிகளும், நடிப்பு ஒரு சமூக உழைப்பு என்னும் உண்மையை மறைப்பதில் ஒன்றுபடுகின்றன. நடிகர் தமது உடலையும் குரலையும் கருவிகளாகக் கொண்டு உழைப்பவர். அவ்வுழைப்பை யார் விலைகொடுத்து வாங்குகின்றனர், அஃது எக்கருத்துகளுக்குப் பயன்படுகின்றது என்பன வரலாறு விடையளிக்க வேண்டிய வினாக்களாம்.

இவ்வினாக்களைத் தெளிவுற எழுப்புவதற்கு ஆங்கில மேடை, திரைப்பட நடிகரான சாள்ஸ் லோட்டனின் (1899–1962) வாழ்வு பெரிதும் உதவுகின்றது. திரைப்பட ரசிகர்கள் அவரை எட்டாம் ஹென்றியாகவும், பௌன்ரி கப்பலின் கொடிய தலைவனாகவும், நோத்ர தாம் ஆலயத்தின் கூனனாகவும் நினைவுகூர்வர். நாமோ அவரது வாழ்வின் மையத்தை 1947ஆம் ஆண்டிற் காண்கிறோம். பேர்டோல்ட் பிறெக்டின் கலிலியோவாக அவர் மேடையேறிய ஆண்டு அது.

லோட்டன் 1899 யூலை முதலாந் திகதி இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரை நகரான ஸ்காபரோவிற் பிறந்தார். பெற்றோர் விடுதி நடத்தியவர்கள். யேசுசபையினரின் ஸ்ரோனிஹேர்ஸ்ற் கல்லூரியிற் பயின்ற அவர், குடும்பத் தொழிலைக் கற்கும்பொருட்டு லண்டனின் கிளாரிட்ஜஸ் விடுதியிற் பயிற்சி பெற்றார். முதலாம் உலகப் போரிற் படைவீரராகச் சென்று நச்சுவாயுத் தாக்குதலுக்கும் உள்ளானார். இப்பின்னணியை நாம் இங்கு குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. விடுதி என்பது வர்க்க உறவுகள் நாள்தோறும் நேருக்கு நேர் சந்திக்கும் களம். உண்பவரும் பரிமாறுபவரும், கட்டளையிடுபவரும் தலைவணங்குபவரும் ஒரே கூரையின்கீழ் நடமாடுவர். பணம் படைத்தவனின் உடல் எவ்வாறு நாற்காலியில் அமர்கின்றது, ஏவலாளனின் உடல் எவ்வாறு வாயிலில் ஒடுங்குகின்றது என்பவற்றை இளமையிலேயே கண்டவர் லோட்டன். பின்னாளில் அவர் படைத்த பாத்திரங்களின் நுட்பத்துக்கு இதுவும் ஓர் ஊற்றாதல் கூடும்.

1925இல் லண்டன் அரச நாடகக் கலைக் கழகத்திற் சேர்ந்த அவர், 1926 ஏப்பிரலில் கோகோலின் ‘அரசாங்க ஆய்வாளர்’ நாடகத்தில் ஒசிப் என்னும் வேலைக்காரனாகத் தொழில்முறை மேடையில் முதன்முதலாகத் தோன்றினார். விடுதிக்காரரின் மைந்தர் முதலில் ஏற்றது ஏவலாளின் வேடம் என்பது மனங்கொளத்தக்கது. 1929இல் நடிகை எல்சா லங்காஸ்ரரை மணந்தார். 1930களின் தொடக்கத்தில் ஹொலிவூட் அவரை அழைத்தது.

அக்காலத்து அமெரிக்கத் திரைப்படத் தொழில், பொருளாதார நெருக்கடியால் அல்லலுற்ற மக்களுக்குக் கனவுகளை விற்பனை செய்தது. அழகிய நாயகனுக்குரிய தோற்றம் லோட்டனிடம் இல்லை. பருத்த உடலும் தொங்கிய கன்னங்களும் கொண்ட அவருக்குச் சந்தை ஒதுக்கியவை கொடுங்கோலரும் விகாரமானவர்களுமான பாத்திரங்களே. எனினும் அந்த எல்லைக்குள்ளேயே அவர் சில அரிய கணங்களை உருவாக்கினார். பல கதைகளின் தொகுப்பாக 1932இல் வெளிவந்த ‘என்னிடம் ஒரு மில்லியன் இருந்தால்’ என்னும் படத்தில், ஏர்ன்ஸ்ற் லூபிச் நெறிப்படுத்திய பகுதி இதற்குச் சான்றாகும். பேரலுவலகமொன்றின் எழுதுவினைஞன் ஒருவனுக்குப் பெருந்தொகைக் காசோலை எதிர்பாராது கிடைக்கின்றது. அவன் எதுவும் பேசாது எழுந்து, படியேறி, கதவுகள் பலவற்றைக் கடந்து, நிறுவனத் தலைவரின் முன் சென்று நிற்கின்றான். உதடுகளால் ஓர் இழிவொலி எழுப்பிவிட்டுத் திரும்புகின்றான். சில நிமிடங்களே நீடிக்கும் இக்காட்சியில், வாழ்நாள் முழுவதும் பணிந்த ஓர் உடலின் கணக்குத் தீர்க்கப்படுகின்றது. ஆயின் அப்பணிவிலிருந்து அவனை விடுவிப்பது கூட்டுப் போராட்டமன்று, தற்செயலாக வந்த காசோலையே. இதுவே ஹொலிவூட்டின் எல்லையும் ஆகும்.

1933இல் அலெக்சாண்டர் கோர்டாவின் ‘எட்டாம் ஹென்றியின் தனிவாழ்வு’ அவருக்கு உலகப் புகழையும் ஒஸ்கார் விருதையும் ஈட்டிக்கொடுத்தது. கோழியிறைச்சியைக் கையாற் பிய்த்துண்டு எலும்பை எறியும் மன்னனின் காட்சி பலராலும் பேசப்பட்டது. இங்கு அதிகாரம் பெரும்பசியாகக் காட்டப்படுகின்றது. ஆனால் அப்பசி வேடிக்கையாகவே எஞ்சிவிடுகின்றது. மன்னன் உண்பதை யார் விளைவித்தார்கள் என்ற வினா அப்படத்தில் எழுவதில்லை.

புகழின் உச்சியில் நின்ற லோட்டன், 1933–34இல் லண்டன் ஓல்ட் விக் அரங்குக்குத் திரும்பி ரைரோன் கத்ரியின் நெறியாள்கையில் ஒரு பருவம் நடித்தார். குறைந்த கட்டணத்தில் உழைக்கும் மக்களுக்கும் சேக்ஸ்பியரைக் காட்டிய மரபுடையது அவ்வரங்கு. செக்கோவின் ‘செரித் தோட்டம்’ நாடகத்தில், பண்ணையடிமைகளின் வழிவந்து அப்பண்ணையையே விலைக்கு வாங்கும் லோபாகினாக அவர் நடித்தது அப்போதுதான். அதன்பின் 1935இல் ‘பௌன்ரி கப்பற் கலகம்’, 1936இல் ‘ரெம்பிராண்ட்’, 1939இல் ‘நோத்ர தாமின் கூனன்’ ஆகிய படங்கள் அவரை முன்னணியில் நிறுத்தின. ஆயினும் தமது கலை சந்தையின் தேவைக்கேற்பச் சிதறுண்டு போகின்றது என்னும் மனக்குறை அவரிடம் வளர்ந்து வந்தது என்றே கொள்ளவேண்டும். பிறெக்டுடன் ஊதியம் நோக்காது அவர் செலவிட்ட காலத்தை வேறெவ்வாறும் விளக்குதல் கடினம்.

ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து வெளியேறிய பிறெக்ட் 1941இல் கலிபோர்னியாவை அடைந்திருந்தார். ‘கலிலியோவின் வாழ்க்கை’ நாடகத்தின் முதல் வடிவத்தை அவர் டென்மார்க்கில் 1938–39இல் எழுதியிருந்தார். 1944இன் இறுதி தொடக்கம் இருவரும் லோட்டனின் இல்லத்தில் அமர்ந்து அதன் ஆங்கில வடிவத்தை உருவாக்கினர். லோட்டனுக்கு ஜேர்மன் மொழி தெரியாது; பிறெக்டின் ஆங்கிலமோ குறைபாடுடையது. எனவே பிறெக்ட் ஒரு பகுதியை நடித்துக் காட்டுவார். லோட்டன் அதனை வெவ்வேறு வகையில் நடித்துப் பார்த்து, பொருந்திய சொற்களைக் கண்டதும் எழுதிக்கொள்வார். அகராதி வழி மொழிபெயர்ப்பன்று இது. மெய்ப்பாட்டிலிருந்து சொல்லுக்குச் செல்லும் உழைப்பு. தாம் கண்ட இவ்வுழைப்பைப் பிறெக்ட் பின்னர் ஒரு தனிநூலாகவே பதிவு செய்தார்.

பணி நடந்துகொண்டிருந்த காலத்தில், 1945 ஓகஸ்ட் 6ஆந் திகதி, ஹிரோஷிமாவின்மீது அணுகுண்டு வீசப்பட்டது. அன்றிலிருந்து நாடகத்தின் பொருளே மாறியது. 1633இல் திருச்சபையின் விசாரணை மன்றின்முன் தன் கொள்கையைக் கலிலியோ மறுதலித்தமை, முதல் வடிவத்தில், உண்மையை மறைவாகக் காப்பாற்றும் தந்திரமாகவும் கொள்ளத்தக்கதாயிருந்தது. புதிய வடிவத்திற் கலிலியோ தன்னைத்தானே குற்றவாளியாக்குகின்றான். மக்களுக்குரிய அறிவை ஆள்வோரின் கையில் அவர்கள் விரும்பியவாறு பயன்படுத்துமாறு ஒப்படைத்தவன் அவன். அறிவியல் தன் சமூகப் பொறுப்பிலிருந்து விலகிய முதற் படியாக அம்மறுதலிப்பு இங்கு நோக்கப்படுகின்றது.

லோட்டனின் உடல் இங்கு வேடிக்கையாகவன்றி வாதமாகப் பயன்பட்டது. இக்கலிலியோவுக்குச் சிந்தித்தலும் உண்ணுதலைப் போன்ற ஒரு புலனின்பமே. ஆராய்ச்சிக்கு அவனைத் தூண்டுவதும், சித்திரவதைக் கருவிகளின்முன் அவனைப் பணியச் செய்வதும் அதே வேட்கைதான். இறுதிக்கு முந்திய காட்சியில், தன் குற்றத்தைத் தெளிவாக எடுத்துரைத்த முதியவன் வாத்திறைச்சியை உண்ண அமர்கின்றான். எட்டாம் ஹென்றி உண்டபோது சிரித்த பார்வையாளன், இங்கு உண்பவனைக் கண்டு சிந்திக்க வேண்டியவனாகின்றான். பிறெக்ட் வேண்டிய காப்பிய அரங்கின் இயல்பு இதுவே எனலாம்.

நாடகத்தின் ஆங்கில வடிவம் 1947 யூலை 30ஆந் திகதி, யோசப் லோசியின் நெறியாள்கையில், லொஸ் ஏஞ்சலிசின் கொரொனற் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. மூன்று மாதங்களின் பின், ஒக்ரோபர் 30ஆந் திகதி, அமெரிக்க விரோத நடவடிக்கைகள் பற்றிய காங்கிரஸ் குழுவின்முன் பிறெக்ட் விசாரிக்கப்பட்டார். தாம் கம்யூனிஸ்ற் கட்சி உறுப்பினர் அல்லர் எனத் தந்திரமாக விடையளித்து, மறுநாளே நாட்டை விட்டு நீங்கினார். டிசெம்பரில் நாடகம் நியூ யோர்க்கில் மேடையேறிச் சில நாள்களில் முடிவுற்றது. நாடகத்துக்கு இசையமைத்த ஹான்ஸ் ஐஸ்லர் 1948இல் அமெரிக்காவை விட்டு வெளியேற நேர்ந்தது. லோசியும் பின்னர் கறுப்புப் பட்டியலால் ஐரோப்பாவில் தஞ்சமடைந்தார்.

லோட்டன் கலிலியோவாக மீண்டும் தோன்றவில்லை. பிறெக்டின் வேறெந்த நாடகத்திலும் நடிக்கவுமில்லை. 1950இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். இதனைக் கோழைத்தனம் எனக் கூறிக் கடந்துவிடுதல் எளிது. ஆனால் அது வரலாற்று நோக்காகாது. 1947இல் அவர் அந்நாட்டின் குடிமகனல்லர். அவர் தன்பாலீர்ப்பினர் என்பதை எல்சா லங்காஸ்ரர் 1983இல் வெளியிட்ட தன்வரலாற்றிற் குறிப்பிட்டார். அதனைக் குற்றமெனக் கொண்ட சட்டங்கள் அவர் வாழ்ந்த காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடைமுறையில் இருந்தன. வெளிப்படையாக எதிர்த்து நிற்பதற்கு அவர் கொடுக்கவேண்டியிருந்த விலை மிகப் பெரிது. கலிலியோவுக்குக் காட்டப்பட்ட கருவிகள் இரும்பாலானவை. லோட்டனின் காலத்துக் கருவிகள் கோப்புகளாலும் ஒப்பந்தங்களாலும் ஆனவை.

எஞ்சிய ஆண்டுகளும் வறிதே கழியவில்லை. அமெரிக்க நகரங்கள் தோறும் சென்று இலக்கியப் பகுதிகளை வாசித்துக் காட்டினார். 1955இல் அவர் நெறிப்படுத்திய ஒரே திரைப்படமான ‘வேட்டைக்காரனின் இரவு’ அன்று வணிகத் தோல்வியடைந்து, பிற்காலத்திற் பெரும் படைப்பாக ஏற்கப்பட்டது. 1959இல் ஸ்ற்றற்போர்ட்டில் லியர் மன்னனாக நடித்தார். 1960இல் ‘ஸ்பார்ட்டகஸ்’ திரைப்படத்தில், சர்வாதிகாரத்துக்கு எதிராக நிற்கும் முதிய செனட்டர் கிராக்கஸாகத் தோன்றினார். அப்படத்தின் திரைக்கதையாசிரியர் டால்ற்றன் ட்ரம்போ. 1947 ஒக்ரோபரில், பிறெக்டுக்கு இரு நாள்கள் முன்னர், அதே குழுவின்முன் விடையளிக்க மறுத்துச் சிறை சென்றவர் அவர். 1962 டிசெம்பர் 15ஆந் திகதி லோட்டன் ஹொலிவூட்டிற் காலமானார்.

ட்ரம்போவின் மறுப்பு, பிறெக்டின் தந்திரம், லோட்டனின் மௌனம் ஆகிய மூன்றும் ஒரே அடக்குமுறைக்கு அறிவாளிகள் அளித்த விடைகளாகும். இவற்றைத் தனிமனித ஒழுக்கத்தின் தராசில் மட்டும் நிறுப்பது போதாது. துணிவைச் சாத்தியமாக்கும் கூட்டுப்பலம் எங்கு இருந்தது, எங்கு இல்லாதிருந்தது என்றும் கேட்டல் வேண்டும். ஆயினும் சூழ்நிலையின் விளக்கம் செயலுக்கு மன்னிப்பு ஆகிவிடாது. இதனை நமக்கு உணர்த்தியவரே லோட்டன்தான். தன்னை மன்னிக்க மறுக்கும் கலிலியோவை அவர் தமது முழு உடலாலும் நடித்துக் காட்டினார். கற்றலையும் கற்பித்தலையும் தொழிலாகக் கொண்ட நம்மவர்க்கு, நாம் காக்கும் மௌனங்களைப் பற்றி அக்கலிலியோ எழுப்பும் வினா இன்னும் தீர்ந்தபாடில்லை.