குழந்தை காதை இழுக்கிறதா?

சளி பிடித்த நாலைந்து நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, படுக்க வைத்தாலே வீறிட்டு, காதைப் பிடித்து இழுத்தால் எங்கள் இளம்பிள்ளையில், "பல்லு முளைக்குது" என்பார்கள். நான் நடுக்காதைத்தான் சந்தேகிப்பேன். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழல் சிறுசுகளுக்குக் குட்டை. கிருமி சுலபமாக ஏறிவிடும். டாக்டர் கருவி வைத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். எண்ணெய் காய்ச்சி விடும் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம், அம்மா!

சீழ் வடிந்ததும் வலி குறைந்து குழந்தை தூங்கும். "சரியாப் போச்சு" என்று விட்டுவிடுகிறோமே, செவிப்பறையில் ஓட்டை விழுந்திருப்பதன் அடையாளம் அது! 2 வாரத்துக்கு மேல் வடிந்தால் காது மந்தமாகலாம். தறிச் சத்தத்துக்கு நடுவே அது நமக்குத் தெரியவும் தெரியாது.

பால் புட்டியைப் படுக்க வைத்துக் கொடுக்காதீர்கள். இந்தக் கிருமிகளில் ஒன்றான நியுமோகாக்கஸுக்கு 2021 முதல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசத் தடுப்பூசி உண்டு: 6-ஆம் வாரம், 14-ஆம் வாரம், 9-ஆம் மாதம்.