கோடு விழாத பள்ளம்

"மார்க் கம்மியா? அப்போ ஜாக்ரஃபி இருக்கிற குரூப்ல போடுங்க." பதினோராம் வகுப்புச் சேர்க்கை நடக்கும் ஜூன் மாதங்களில் இருபது வருடங்களாக நான் கேட்டுவரும் வாக்கியம் இது. மிச்சப்பட்ட பிள்ளைகளுக்கு மிச்சப்பட்ட பாடம். ஆறுகள், கனிமங்கள், பயிர்கள் என்று நெட்டுருப் போட்டு ஒப்பித்தால் போதும். யாருக்கும் கெடுதல் செய்யாத பாடம் என்பதாக ஒரு பிம்பம்.

இந்தப் பிம்பத்தைச் சந்தேகிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பிரெஞ்சுப் புவியியலாளர் இவ் லகோஸ்த். புவியியல் முதலில் யுத்தம் நடத்தத்தான் பயன்படுகிறது என்பதே 1976இல் வந்த அவரது நூலின் தலைப்பு. தளபதிகளின் புவியியல் ஒன்று, வாத்தியார்களின் புவியியல் இன்னொன்று. இரண்டாவதன் சலிப்பு முதலாவதை மறைத்துவைக்கிறது என்கிறார். வெறும் தத்துவமாக அவர் இதைச் சொல்லவில்லை. 1972இல் வடவியட்நாமின் செந்நதி டெல்டாவில் கரைகள்மீது அமெரிக்கக் குண்டுகள் விழுந்தன. கரைகளைக் குறிவைக்கவில்லை என்றது அமெரிக்கா. லகோஸ்த் நேரில் போய், குண்டு விழுந்த இடங்களைப் படத்தில் குறித்துப் பார்த்தார். ஆற்றைவிடத் தாழ்வாகக் கிராமங்கள் கிடக்கும் கிழக்கு டெல்டாவில்தான் புள்ளிகள் குவிந்தன. எது மேடு, எது பள்ளம் என்பது விமானத்தில் வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மேடு பள்ளம் பார்ப்பதைத்தான் பிளஸ் டூ செய்முறை வகுப்பும் சொல்லித்தருகிறது. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள், நாங்கள் 'டோபோ ஷீட்' என்போம். அதில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் பழுப்புக் கோடு, சம உயரக் கோடு. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சரிவு குறைவு. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் இடைவெளி. ஏலகிரிக்கு இது சரி. எண்ணூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த ஊருக்கு? கடலோரத்தில் 20 மீட்டர் உயரத்தை எட்டும் நிலமே இல்லை. கோடே விழாது. தாளை வாசித்தால் எல்லாம் சமதளம். ஆனால் ஊருக்கும் காலனிக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம் இருக்கிறது. வெள்ளம் முதலில் யார் வீட்டுக்குள் வரும் என்பதை அந்த ஒரு மீட்டர்தான் தீர்மானிக்கிறது. வரைபடங்களின் மௌனம் என்று ஜே.பி. ஹார்லி சொன்னதை நான் இங்கேதான் விளங்கிக்கொண்டேன். (யாரும் உட்கார்ந்து சதி செய்யவில்லை. இருபது மீட்டர் ஒரு தொழில்நுட்பத் தேர்வு. ஆனாலும் அது யாரைக் காணாமலாக்குகிறது என்று கேட்கலாம்தானே?)

சில மௌனங்கள் அவ்வளவு அப்பாவித்தனமானவை அல்ல. எண்ணூர்க் கழிமுகம் 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டலப் படத்தில் இருந்தது. 1997ஆம் ஆண்டின் படம் என்று காட்டப்பட்ட இன்னொன்றில் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் வழி 2017இல்தான் இது வெளியே தெரிந்தது. மீனவர் வலைபோட்டுக்கொண்டிருந்த தண்ணீர், காகிதத்தில் வற்றிப்போயிருந்தது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்ததால் பிடிபட்டது. கடலோரத்தின் பெரிய அளவைத் தாள்கள் சாதாரண ஜனங்களுக்குக் கிடைக்காமல் வெகுகாலம் இருந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகுதான் பொதுப் பயன்பாட்டுக்கென்று தனித் தாள்கள் வந்தன.

ஒரு வருடம் பிள்ளைகளையே கோடு போடச் சொன்னேன். 2015 டிசம்பர் வெள்ளம் வீட்டுச் சுவர்களில் கறையாக நின்றிருந்தது. தேங்கி நிற்கும் தண்ணீரின் மேல்மட்டம் எங்கும் ஒன்றுதான். ஆகவே தரையிலிருந்து கறைவரை அளந்தால், ஆழத்தில் உள்ள வித்தியாசமே தரையின் வித்தியாசம். டேப்போடு வீடுவீடாகப் போனார்கள். "கோயில் தெருவுல கணுக்கால் வரைக்கும்தான். எங்க வூட்டுல இடுப்பு முட்டும் நின்னுச்சு" என்று ஒரு ஆயா சொன்னதையும் அவருடைய பேத்தி எழுதிக்கொண்டாள். 25 செ.மீ.க்கு ஒரு கோடு. மூன்று கோடு தாண்டிக் காலனி கிடந்தது.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் பேத்தியின் ரெக்கார்டு நோட்டைப் புரட்டிவிட்டு, "இது சிலபஸ்ல இல்லையேம்மா" என்றார். மதிப்பெண் போடவில்லை. அவள் தாளைத் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போனாள். மழைநீர்க் கால்வாய் கேட்டு அவளுடைய அப்பா கொடுத்த மனுவில் அதுதான் இணைப்பு. மனுவுக்குப் பதில் இன்னும் வரவில்லை.