உங்களுக்குத் தெரியுமா? மாநில மலரின் அடியில் நஞ்சு!

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் ஒரே ஒரு கிழங்கு, வளர்ந்த ஆளையே கொல்லப் போதுமானது. அதிலுள்ள கால்சிசின்தான், யூரிக் அமிலம் படிந்து வரும் ‘கௌட்’ மூட்டுவலிக்கு மருத்துவர்கள் தரும் மருந்தும்கூட. மாத்திரையில் அது வெறும் அரை மில்லிகிராம். கிழங்கிலோ அளவு ஏது?

• கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைக்கிழங்கு எல்லாம் இதுதான். சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் இறந்திருக்கிறார்கள். வேகவைத்தாலும் நஞ்சு போவதில்லை.

• தின்ற முதல் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. ஏமாற்றுவதே இந்த இடைவெளிதான். பிறகு வாந்தி, காலரா போன்ற பேதி. கால்சிசின் செல்கள் பிரிந்து பெருகுவதைத் தடுக்கிறது. அதனால் குடலின் உட்சுவர் முதலில் அடிபடும். அடுத்து எலும்பு மஜ்ஜை. சில நாட்களில் வெள்ளணுக்கள் சரியும். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும்.

• மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இதைப் பயிரிடுவது விதைக்காக. பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் சேர்த்து விளைவிக்கும் அந்த விதை, மருந்து ஆலைகளுக்குப் போகிறது. விதையும் நஞ்சுதான்.

மருத்துவமனைகளில் இதற்கு முறிமருந்து கைவசம் இருப்பதில்லை. யாராவது தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கைவைத்தியமும் வேண்டாம். மீதிக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.